‘சரிங்க’ மூட மறுத்த வால்வு

ஊராட்சி எழுத்தர் கொண்டுவந்து நீட்டிய தாளில் பதினோரு வரிகள் இருந்தன. ஊரில் கட்டி முடித்திருக்கும் புதிய தண்ணீர்த் தொட்டியின் திறப்பு விழாவில் மேடையேறி, அதை அப்படியே வாசித்துவிட்டு இறங்கினால் போதும், அக்கா மெனக்கெட வேண்டாம் என்றுதான் நாங்களே எழுதிவிட்டோம் என்று பெரிய உபகாரம் செய்தவர்போலச் சொன்னார். சொல்லிவிட்டு, ஊரிலிருந்து நகரத்துக்கு வெயிலில் வந்த களைப்புத் தீர நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள். முப்பது வருடமாக நகரத்து நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவள். சாட்சிக் கூண்டில் நிற்பவர் என்ன சொல்கிறாரோ அதை ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் அடிப்பதுதான் அவள் பிழைப்பு. ‘தெரியாது’ என்பதும் ‘ஞாபகமில்லை’ என்பதும் அவளுக்கு ஒன்றல்ல. அந்தப் பழக்கத்தில் இந்தத் தாளையும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அதன்படி அவளுடைய அப்பா நாற்பது ஆண்டு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். எளிமையின் இலக்கணம். பணிவின் மறுவடிவம். பெரியவர்கள் சொன்னதைத் தட்டாமல் செய்தவர். யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவர். அன்றைய தலைவரின் அன்புக்கும் ஆதரவுக்கும் என்றென்றும் கடமைப்பட்டவர்.

கடைசி வரிக்கு வந்தபோது அவளுக்குக் காது மடல் சூடேறியிருந்தது.

“இதை எழுதினது யாரு?”

“நாங்க எல்லாரும் சேந்துதான்க்கா.”

“எங்கப்பா யாரையும் எதிர்த்துப் பேசினதே இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அப்பப் பிறக்கவே இல்லையே.”

எழுத்தர் சிரித்து மழுப்பினார். நல்ல காரியம் நடக்கிற நாளில் பழையதைக் கிளறுவானேன் என்று குழைந்தார். புதிய தொட்டிக்கு அவளுடைய அப்பாவின் பெயரை வைக்க வேண்டும் என்று இறக்கத்தெருக்காரர்கள் நூற்றிருபது கையெழுத்தோடு மனுக் கொடுத்திருந்தார்கள். இன்றைய தலைவரோ, முன்பு தலைவராக இருந்த தன் தகப்பனாரின் பெயரைக் கல்லில் வெட்டியே முடித்துவிட்டார். மனுக் கொடுத்தவர்களின் வாயை அடைக்கத்தான் இந்தப் பதினோரு வரி. எழுத்தர் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு விளங்கியது.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்துவந்து, தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது.

“அவரு எதிர்த்துப் பேசலைன்னா, அந்த நாலு மாசம் எங்க வீட்டுல அடுப்பு எதுக்கு ஒருவேளை மட்டும் எரிஞ்சுது?” என்று கேட்டாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அப்பா பணிவானவர் இல்லை என்று எந்த வாயாலும் சொல்ல முடியாது. ஊரில் அவருக்குப் பெயரே ‘சரிங்க’. குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்றால் “சரிங்க” என்பார். நேற்றுக் கலங்கலாக வந்தது என்றாலும் “சரிங்க”. மழை ஏன் பெய்யவில்லை என்று வழிமறித்துக் கேட்டவர்களும் உண்டு; அவர்களுக்கும் அதே பதில்தான். மோட்டார் கெட்டு ஒருநாள் தண்ணீர் வராமல் போனால், தானே அத்தனையையும் குடித்துத் தீர்த்துவிட்டவர்போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போய்விடுவார். அறை என்று பெயர். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டியதுதான். மோட்டாரை ஓடவிட்டு அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடும் அதிர்வும் சரியாக இருந்தால்தான் கையை எடுப்பார். தொட்டி நிரம்பியதும் வால்வு திறக்கும் வேலை. மண்ணுக்கடியில் ஏழு வால்வுகள், ஒவ்வொன்றும் ஒரு குழிக்குள், இரும்பு மூடிக்குக் கீழே. இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மேலே குறுக்குப் பிடி. அதைக் குழிக்குள் இறக்கிச் சுற்றினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர். எதற்கு எத்தனை சுற்று, எது பாதியிலேயே இறுகும், எதை அவசரப்பட்டுத் திறந்தால் குழாய் உதறும் என்பதெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. எந்தக் காகிதத்திலும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கண் சிவந்து, மருந்துப்பொடி வாடையோடு வீட்டுக்கு வருவார். எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் ஆள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் பத்து நிமிடம் கூட விடுவார். கேட்டால், “மறந்து நின்னுட்டேங்க” என்பார். நாற்பது வருடம் இப்படி மறந்துகொண்டே இருந்தார்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தது. ஆழ்குழாய்க் கிணறு ஒன்றரை மணி நேரம் ஓடினாலே காற்றைக் கக்கத் தொடங்கிவிடும். இருந்ததை ஏழு தெருவுக்கும் பங்குவைத்து, ஆளுக்கு நாலு குடம் என்று அப்பா சமாளித்துக்கொண்டிருந்தார். அப்போதைய தலைவருக்கு, அதாவது இன்றைய தலைவரின் தகப்பனாருக்கு, ஊர் எல்லையில் செங்கல் சூளை இருந்தது. மண் குழைக்கத் தண்ணீர் வேண்டும். சூளைக்குப் போகிற குழாயும் இறக்கத்தெருக் குழாயும் ஒரே இடத்தில் பிரிகிறவை. இறக்கத்தெருவை அடைத்தால் சூளையில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வரும். இறக்கத்தெருவில் குடியிருந்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சூளையிலேயே கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

அப்பா வீட்டுக்கு வந்து எதையும் சொல்கிற ஆள் இல்லை. அன்று ஏதோ சான்றிதழுக்காக ஊராட்சி அலுவலகத்தில் காத்துக்கிடந்த சலவைக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தினாராம்.

“இன்னையிலேருந்து இறக்கத்தெருவை மூடிரு. மழை வர்ற வரைக்கும் திறக்க வேண்டாம். பதிவேட்டுல லைன் பழுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

“லைன்ல பழுது இல்லைங்களே.”

“அது எனக்குத் தெரியாதா? எழுதுன்னா எழுது.”

அப்பா பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அவர் வாயிலிருந்து வழக்கமாக வருகிற சொல்லுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

“முடியாதுங்க” என்றாராம்.

சுற்றி இருந்தவர்கள் காதில் சரியாக விழவில்லையோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அப்பா அதோடு நிற்கவில்லை. பேனாவை வாங்கிப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே நிதானமாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். தலைவர் பதிவேட்டை இழுத்துப் பார்த்தபோது முகம் கறுத்ததாகச் சலவைக்காரர் சொன்னார். ஆனால் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் ஆள் வந்து இரும்புச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். வேலை போயிற்று. தலைவரின் மச்சான் புதிய தண்ணிக்காரரானார். இறக்கத்தெரு மூடப்பட்டது.

மறுநாள் விடிகாலை அப்பா வழக்கம்போல எழுந்து சைக்கிளைத் துடைத்தார். போக இடமில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். இறக்கத்தெருப் பெண்கள் குடங்களோடு ஊருக்கு அப்பாலிருந்த வயல் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். போக வர ஒன்றரை மணி நேர நடை. அப்பா உள்ளே வந்து, மண்ணெண்ணெய் நெடி போகக் கழுவி வைத்திருந்த நாலு தகர டின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். பிள்ளைத்தாய்ச்சி வீடு, படுத்த படுக்கையானவர் வீடு என்று பார்த்துப் பார்த்து நடை அடித்தார். ஒரு நாளைக்கு ஒன்பது நடை. மேட்டில் அவர் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைத் தட்டச்சு வகுப்புக்குப் போகிற வழியில் அவள் பார்த்தாள். “ஏம்ப்பா இப்படி? மன்னிப்புக் கேட்டா வேலை திரும்பக் கிடைக்குமாமே” என்று அவளே ஒருநாள் கேட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். அப்பா கோபப்படவில்லை. “எதுக்கும்மா மன்னிப்பு? நான் ஒண்ணும் தப்பா எழுதலையே” என்றார், எழுத்துப் பிழையைப் பற்றிக் கேட்டதுபோல.

பதினோரு நாள் இப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் மச்சான் தன் திறமையைக் காட்டினார். ஏழு வால்வுகளில் நாலைத்தான் அவர் கண்டுபிடித்திருந்தார். அவற்றிலும் எந்தப் பக்கம் சுற்றினால் திறக்கும் என்பதில் அவருக்கும் வால்வுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த நாலையும் இறுக்கி அடைத்துவிட்டு, தொட்டிக்கு ஏற்றாமல் மோட்டாரை நேரே லைனில் விட்டார். பள்ளிக்கூடத்து வாசலில் குழாய் இணைப்பு வெடித்துத் தண்ணீர் ஓட்டுக்கூரை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. ஊரே காய்ந்து கிடக்க, பள்ளிக்கூடத்து வாசலில் மட்டும் வெள்ளம்.

அப்பாவைக் கூப்பிட ஆள் வந்தது. போகாதே என்று தடுத்தவர்களே அதிகம். இப்போதாவது அவர்கள் கெஞ்சட்டும் என்றார்கள். “தண்ணி வீணாப் போகுதே” என்று சொல்லிக்கொண்டே அப்பா ஓடினார். முதலில் போய் மோட்டாரை நிறுத்தினார். முழங்கால் ஆழச் சேற்றில் நின்று, பிளந்த துண்டை அறுத்தெடுத்துவிட்டு, புதுக் குழாயைப் பொருத்தி, ரப்பர் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மோட்டார் சீராக ஓடியது. சோதித்துப் பார்க்கச் சாவியைக் கேட்டார். மச்சான் கொடுத்தார்.

சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அப்பா நேரே இறக்கத்தெருவுக்கு நடந்தார். மூடியைத் தூக்கினார், சாவியை இறக்கினார், பதினாலு சுற்று. குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டின. பிறகு மூடியைப் போட்டு, சாவியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, அந்த மூடியின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைவரே வந்தார். அந்த நேரத்தில் வகுப்பு முடிந்து வந்த அவள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாவியைக் கொடு. அது பஞ்சாயத்துச் சாவி.”

“பஞ்சாயத்துன்னா இவங்களும்தானேங்க” என்று அப்பா குடங்களோடு நின்றவர்களைக் காட்டினார். குரல் உயரவில்லை. சாவியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். பயந்திருந்தார் என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்த இரண்டு காவலர்களும், இரும்பு மூடியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான மனிதரையும் அவரைச் சுற்றிக் குடங்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த அறுபது எழுபது பெண்களையும் பார்த்தார்கள். இந்த ஆளைப் பிடித்துக்கொண்டுபோய் என்ன குற்றம் என்று எழுதுவது என்று அவர்களுக்கே குழப்பம். வெயில் வேறு. மூத்தவர் அந்தத் தெருக்குழாயிலேயே கைநிறையப் பிடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, மேலிடத்துப் பொறியாளர் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார். மூன்று பகல் அப்பா அங்கேயே இருந்தார். சாப்பாடு யார் வீட்டிலிருந்தெல்லாமோ வந்தது. முறைப்படி மற்றத் தெருக்களுக்குத் திறக்க மட்டும் எழுந்து போவார். அப்போது மூடியின் மேல் வேறு யாராவது ஒரு பெண் உட்கார்ந்துகொள்வாள்.

நாலாம் நாள் பொறியாளர் வந்தார். லைனைப் பார்த்தார். பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஏழு தெருவுக்கும் முறைவைத்துத் தண்ணீர் விட வேண்டும், சூளைக்குக் குடிநீர் லைனிலிருந்து ஒரு சொட்டும் போகக் கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவின் வேலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வேலையைத் திருப்பிக் கொடுக்கும் ஆணை வர மேலும் நாலு மாதமாயிற்று. அதுவரை வேலையில் இல்லாமலே, சம்பளமில்லாமலே, தினமும் விடிகாலையில் போய்த் தண்ணீர் விட்டுவிட்டு வந்தார். வேலை திரும்பிய பிறகும் தற்காலிகம் என்றே வைத்திருந்தார்கள். ஓய்வு பெறும் வயது வந்தபோதும் அவர் தற்காலிகம்தான். அதைப் பற்றி யாராவது அங்கலாய்த்தால், பழையபடி “சரிங்க” என்பார்.

இவ்வளவையும் ‘எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவர்’ என்று ஒரே வரியில் துடைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

எழுத்தர் வந்துபோன மறுநாளே அவள் விண்ணப்பம் எழுதினாள். இன்ன வருடத்துத் தண்ணீர்ப் பதிவேட்டில், இறக்கத்தெரு மூடப்பட்ட மாதத்துப் பக்கங்களின் சான்றிட்ட நகல் வேண்டும். கரையான் அரித்துவிட்டதாகப் பதில் வந்தது. எந்தத் தேதியில் அரித்தது, அதைப் பார்த்துச் சான்றளித்தவர் யார் என்று கேட்டு இரண்டாவது கடிதம் போட்டாள். அதற்குப் பதில் இல்லை. மூன்றாவதை மேலதிகாரிக்கு ஒரு நகலோடு அனுப்பினாள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, கரையான் மனம் மாறித் திருப்பிக் கொடுத்ததுபோல அந்தப் பக்கம் முத்திரையோடு தபாலில் வந்து சேர்ந்தது.

சாப்பாட்டு மேசையில் அதை விரித்துவைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். அப்பாவின் கையெழுத்தை அவள் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. நாலாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

விழாவன்று மேடைக்கு முன்னால் நானூறு பேர் இருந்தார்கள். விழாவையே ஊர்க்கூட்டமாகவும் வைத்திருந்ததால், பேசுவதை எல்லாம் எழுத்தர் கூட்டப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். கல்லைத் திரைபோட்டு மூடியிருந்தார்கள். தலைவர் அரைமணி நேரம் தன் தகப்பனாரின் தயாள குணத்தைப் பேசினார். பிறகு அவளை அழைத்தார்கள். அவள் பதினோரு வரித் தாளை மேடையிலிருந்த மேசைமேல் வைத்தாள்.

“எங்கப்பாவைப் பணிவானவர்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. வாஸ்தவம்தான். ஆனா யாரையும் எதிர்த்துப் பேசாதவர்னும் எழுதியிருக்கு. அது பொய். பொய்யை நான் வாசிக்க மாட்டேன். எங்கப்பா அவர் கையால எழுதினதை வாசிக்கிறேன்.”

நகலை எடுத்தாள். தேதியைச் சொன்னாள். அதற்குள் ஒலிபெருக்கி நின்றுபோனது. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நீதிமன்றத்தில் மின்சாரம் போகிற நாட்களில் கடைசி வரிசைவரை கேட்கும்படி வாக்குமூலத்தைத் திரும்ப வாசித்துக் காட்டுகிற தொண்டை அவளுடையது. முன்வரிசையில் இறக்கத்தெருப் பெண்கள் பிள்ளைகளை அதட்டி அடக்கினார்கள்.

“‘லைனில் பழுது இல்லை. இறக்கத்தெருவை மூடச் சொன்னார்கள். நான் மூட மாட்டேன்.’ இவ்வளவுதான். கீழே கையெழுத்து.”

அந்தச் சொற்களை அந்த ஊர் முதல்முறையாகக் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், அன்று குடத்தோடு உட்கார்ந்தவர்களில் என் பெண்டாட்டியும் ஒருத்தி என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

தலைவர் எழுந்தார். “அம்மா, இது திறப்பு விழா. கோர்ட் இல்லை.”

“தெரியும். கோர்ட்டா இருந்தா நீங்க பேசறதுக்கு முன்னாடி சத்தியம் வாங்கியிருப்பாங்க.”

சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுத்தரிடம் திரும்பி, தான் வாசித்ததைக் கூட்டப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னாள். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் எங்கோ பார்த்தார். முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகு எழுத்தர் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னாள். “நான் மூடவில்லை” என்று அவர் வாசித்தார்.

“மூடவில்லை இல்லை. ‘மூட மாட்டேன்.’ அடிச்சிட்டு எழுதுங்க. ‘மாட்டேன்’ல அவர் மூணு சுழி போட்டிருக்கார். அதையும் திருத்தாம அப்படியே எழுதுங்க.”

எழுதினார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, நகலையும் அந்தப் பக்கத்தோடு இணைக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கல்லில் ஒன்றும் மாறவில்லை. திரை விலகியபோது பழைய தலைவரின் பெயர்தான் பளபளத்தது. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. மறுவாரம் தலைவரிடமிருந்து ஆள் வந்தது: மேடையில் அவமதித்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடலாமாம். தான் சொன்னதில் எந்தச் சொல் தவறு என்று எழுத்தில் காட்டினால் பரிசீலிக்கிறேன் என்று பதிவுத் தபாலில் பதில் போட்டாள். இதுவரை எதுவும் வரவில்லை.

விழா முடிந்த அன்றே, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அம்மாவும் அவளும் நகரத்துக்குப் பேருந்தில் திரும்பினார்கள். அவள் மடியில் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டி அம்மா திரும்பினாள்.

“நல்லாத்தான் பேசினே. ஆனா ரொம்பச் சுருக்கிட்டே. நானா இருந்தா அந்த மச்சான் விஷயத்தையும் சேத்திருப்பேன்.”

காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில், தான் மேடையேறியிருந்தால் என்னென்ன சொல்லியிருப்பேன் என்று அம்மா முதலிலிருந்து தொடங்கினாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பினார்கள். நடத்துநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். இறங்க வேண்டிய இடம் வந்தபோது அம்மா இன்னும் வால்வுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.